வாப்பாவின் தொடைச் சந்தில் ஒரு சின்னத் துளை

போன வருடம் பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு நடந்தது இது. மாவடிப்பள்ளி வயல் வட்டையில் கடைசி மூட்டை நெல்லையும் ஏற்றி அனுப்பிவிட்டு கல்முனை வீட்டுக்கு வந்த வாப்பா, முதுகு வலிக்கிறது என்று படுத்தார். எழுபத்திரண்டு வயது. வலி என்று வாய் திறந்து சொல்கிற மனிதர் அல்ல. சிறுநீரகக் கல்லாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். பஸாரில் எனக்கு மின்சாதனக் கடை. ஆனால் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதல் வைத்தியர் நான்தான். மூன்று நாட்கள் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து, வலி குறையாமல் நாலாம் நாள்தான் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன்.

டாக்டர் கருவியை வாப்பாவின் வயிற்றில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு திரையில் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். கல் ஒன்றும் இல்லையாம். வயிற்றுக்குள் ஓடும் பெரிய இரத்தக் குழாய் ஓர் இடத்தில் பலமிழந்து ஊதிப்போய் இருக்கிறதாம். வெடித்தால் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோகக்கூட நேரம் இருக்காது என்றார். பார்லித் தண்ணீர் கொடுத்த மூன்று நாட்களும் என் கண்முன் வந்து நின்றன.

அன்றைக்கே அம்பியூலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அப்படியொரு பயணம் என் எதிரிக்கும் வர வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குலுங்கும்போது வாப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். வெடித்துவிட்டதோ என்று அவர் மூச்சைக் கவனிப்பேன். அவரோ, "ட்ரைவர் தம்பிக்கு பாதை நல்ல பழக்கம்போல" என்று மெச்சிக்கொண்டு வந்தார். அவருக்கு நான் முழு விஷயத்தையும் சொல்லவில்லை.

கொழும்பில், தமிழ் தெரிந்த ஓர் இளம் டாக்டர் தாளில் படம் கீறி விளக்கினார். வயிற்றை வெட்டப் போவதில்லை. இரண்டு தொடைச் சந்திலும் சின்னத் துளை போட்டு, துணியும் கம்பி வலையும் சேர்த்துச் செய்த மெல்லிய குழாயை மடித்து, இரத்தக் குழாய் வழியாகவே மேலே அனுப்புவார்கள். ஊதிய இடத்துக்குப் போனதும் அது குடை மாதிரி விரிந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு இரத்தம் அந்தப் புதுக் குழாயினூடாக ஓடும். பலமிழந்த சுவரில் அழுத்தம் படாது.

வாப்பா படத்தை உற்றுப் பார்த்தார். "வயித்த வெட்டாம வயித்துக்குள்ள போறதா? கள்ளன் யன்னலால பூர்ற மாதிரியெல்லோ இரிக்கி" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று மணித்தியாலம். தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதி முடித்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். பகல் பன்னிரண்டு மணியளவில் டாக்டர் வெளியே வந்து நல்லபடி முடிந்தது என்றபோது, பெரியவன் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

வாப்பாவை நான்கு கட்டில்கள் உள்ள சின்ன வார்டில் போட்டார்கள். கூட ஓர் ஆள் நிற்கலாம் என்று விட்டார்கள். அடுத்த கட்டிலில் இருந்தவரும் நம் பக்கத்து ஆள்தான், பாண்டிருப்பு. ஒலுவில் துறைமுகத்தில் இருந்து கடலுக்குப் போகிறவராம். காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு, முதல் நாள் அவருக்கும் தொடைச் சந்து வழியாகத்தான் வைத்தியம் நடந்திருந்தது. அவருடைய மனைவி ஒரு முக்காலியில் இருந்து அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார்.

தாதி வந்து அரைகுறைத் தமிழில் சொன்னார். இரவு ஒன்பது மணி வரை மல்லாந்தே படுக்க வேண்டும். காலை மடக்கவே கூடாது. துளை போட்ட இடத்தில் இரத்தம் வந்தால், ஒரு நொடியும் தாமதிக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூப்பிட வேண்டும். "எந்த இடத்தில் என்று காட்டுறேன், பாருங்க" என்று போர்வையை விலக்கினார்.

நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தொப்புளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருப்பது மறைக்க வேண்டிய இடம். பெற்ற மகனாக இருந்தாலும் வாப்பாவை அப்படிப் பார்க்கக் கூடாது என்றே வளர்ந்தவன் நான். வாப்பாவும் கூச்சத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தாதி எதையோ தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். "விளங்கினதா?" என்று கேட்டதும், "ஓம் மிஸ்" என்று தலையாட்டினேன். யன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தாங்கி ஒன்று தெரிந்தது. அதைத்தான் நான் பார்த்தேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு, தண்ணீரால் கழுவுவதற்குப் பதிலாக வாப்பாவைத் தயம்மும் செய்ய வைத்து, படுத்தபடியே கண் சாடையால் தொழச் சொல்லிக் கொடுத்தேன். ஒழுங்காகத் தொழுதார். பின்னேரம் அஸர் தொழுகையையும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதுக்குப் போகும்போது அறுபது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "அல்லாஹு அக்பர்" என்றதும் போர்வைக்குள்ளே வலது முழங்கால் தானாக மடிந்து எழும்பியது. தலையும் தலையணையை விட்டு முன்னே வந்தது. தொழுகிறவரோடு கதைக்கக் கூடாதே என்று நான் ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கமும் என் புத்தி கெட்ட வேலைதான்.

"வாப்பா, கால நீட்டுங்க!" என்று கத்தினேன். அவர் நீட்டினார். அதற்குள் வெள்ளைப் போர்வையில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் சிவப்பு தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது உள்ளங்கை அளவானது, பிறகு தட்டு அளவானது.

பாய்ந்து போர்வைக்கு மேலாகவே இரண்டு கையாலும் தொடையை அமுக்கினேன். விரல் இடுக்குகளால் சூடாக வந்துகொண்டே இருந்தது. இன்னும் பலமாக அமுக்கினேன். நிற்கவில்லை. வாப்பாவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. "மிஸ்! மிஸ்!" என்ற என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. தாதி அப்போது வார்டில் இல்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாது. காட்டித் தந்த வேளை நான் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஞ்சிக் கோப்பை விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அடுத்த கட்டில்காரரின் மனைவி, அந்த அக்கா, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அங்க இல்ல! கைய எடுங்க!"

போர்வையை ஒரே இழுவையில் விலக்கினார். தொடை மடிகிற கோட்டுக்குச் சற்று மேலே, விரல்களைச் சேர்த்து வைத்து, தன் முழுப் பாரத்தையும் அதில் இறக்கினார். இரத்தம் குறைந்தது; பிறகு நின்றது.

"எனக்கு நேத்து மிஸ் காட்டித் தந்தவ. நீங்க ஓடிப்போய் டாக்டரக் கூட்டி வாங்க" என்றார் என்னிடம்.

வாப்பா ஒரு கையால் சாரனைத் தேடினார். அந்த நிலையிலும் மறைக்கத்தான் பார்த்தார். அக்கா தன் தோளில் கிடந்த துவாயை மற்றக் கையால் எடுத்து, மறைக்க வேண்டியதை மறைத்தார். "காக்கா, நீங்க ஓதுங்க. நான் கைய எடுக்கமாட்டன்" என்று வாப்பாவிடம் அண்ணன் முறையில் அவர் சொன்னது வாசல் வரை எனக்குக் கேட்டது.

டாக்டரும் தாதியும் ஓடி வந்து அந்த இடத்தைப் பொறுப்பெடுக்கும் வரை அவர் கையை எடுக்கவே இல்லை. எடுத்தபோது விரல்கள் விறைத்து மடங்கவில்லை. அரைமணித்தியாலம் அழுத்தி, புதுக் கட்டுப் போட்டு, ஒரு பை இரத்தமும் ஏற்றினார்கள். உள்ளே வைத்த குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். நான் அமுக்கியது துளைக்குக் கீழே என்றும், அப்படி எவ்வளவு நேரம் அமுக்கியிருந்தாலும் இரத்தம் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும் என்றும் சொன்னார். "நான் காட்டித் தந்தேன்தானே?" என்று தாதி கேட்டார்.

அக்காவிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் கீழே கொட்டிய கஞ்சியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் பயம்தான் தம்பி. அது பாக்கிற நேரமா?" என்றார்.

அடுத்த நாள் காலையில் வாப்பாவுக்கு முகம் தெளிந்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன், என் தவறையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. "வயல்காரன்ட மகன் நீ. வாய்க்கால் உடைஞ்சா மேல மறிக்கணும் எண்டு தெரியாதா? கீழ நிண்டு மண் போட்டா தண்ணி நிக்குமா?" என்று கேலி செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் வெக்கமாத்தான் இருந்த மகன். நானும் உன்னட்ட, பாருடா எண்டு சொல்லல்ல" என்றார். தாதி கட்டு மாற்ற வந்தபோது, நானே பக்கத்தில் போய் நின்று மறுபடி காட்டித் தரச் சொன்னேன். இம்முறை குனிந்து பார்த்தேன், தொட்டும் பார்த்தேன். விரலுக்கடியில் வாப்பாவின் நாடி துடித்தது.

எங்கள் ஊரில் ஒரு வாப்பா மௌத்தானால், அடக்கும் முன் ஜனாஸாவைக் குளிப்பாட்ட முதலில் மகன்மாரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்காகப் பள்ளிவாசலில் வைத்த வகுப்புக்கு நான் இரண்டு வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன். துணியை எப்படிப் பிடிப்பது, தண்ணீரை எங்கிருந்து ஊற்றுவது என்று ஒன்று விடாமல் கேட்டுப் படித்தேன். மௌத்தான வாப்பாவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் இவ்வளவு கவனமாகப் படித்து வைத்திருந்த நான், உயிரோடு இருக்கிற வாப்பாவைக் காப்பாற்றப் படிக்க வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே என்பதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அந்தத் தண்ணீர்த் தாங்கிதான் என் கண்முன் வந்து நிற்கிறது.