செருப்பு போட்டுத் தொடவும்

போன மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் எர்த் போட வந்த எலக்ட்ரீஷியன், மூன்றடி தோண்டியதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாறை. செஞ்சியில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ராஜாக்கள் கோட்டை கட்ட இந்த ஊரைத் தேடி வந்ததே பாறைக்காகத்தான். பின்னால் ஒருவன் கிட்டார் வாசிக்க எர்த் கம்பி அடிப்பான் என்று அவர்கள் யோசிக்கவில்லை. வீட்டுக்குத்தான் ஏற்கெனவே எர்த் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டார். ஆம்ப்ளிஃபயருக்கென்று தனியாக வேண்டும் என்றேன். எத்தனை என்றார். மூன்று. கிட்டார் எத்தனை என்றார். ஐந்து. உடனே அவர் குரலில் மரியாதை ஏறிவிட்டது, ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கிறீர்களா சார் என்றார். உள்ளேயிருந்து என் மனைவி பதில் சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. சொம்மா தொடச்சி தொடச்சி வெப்பாரு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருப்பவனுக்கு ஐந்து கிட்டார் எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். வாசிக்கிறவனுக்கு ஒன்று போதும். வாசிக்காதவனுக்குத்தான் ஐந்து வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் வீட்டுக்குள் வரும்போது இதுதான் கடைசி என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தையும் வரிசையாகக் கட்டிலில் படுக்கவைத்து, மெல்லிய துணியால் துடைத்து, கம்பிகளுக்கு எண்ணெய் தொட்டு, மறுபடி உறையில் போட்டுவிடுவேன். நடுவில் ஒரு பாட்டு வாசித்தால் விரல் வலிக்கும்.

எலக்ட்ரீஷியன் கிணற்றுப் பக்கம் மண் உள்ள இடமாகப் பார்த்து வேறு குழி தோண்டினார். குழாயை இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஈர உப்பு வாசனை எழுந்ததும் எனக்குத் தனபால் அண்ணன் கடை ஞாபகம் வந்துவிட்டது. செஞ்சி பஜாரில் அவருக்குப் பாத்திரக்கடை. கடையின் பின்கட்டில் எந்நேரமும் யாராவது உப்பும் புளியும் போட்டுப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாசனை அவருடைய சட்டையிலும் இருக்கும்.

மூன்று தலைமுறையாக அண்டா விற்ற குடும்பத்தில் அவருக்கு மட்டும் எப்படியோ பாட்டுக் கச்சேரிப் பைத்தியம் பிடித்துவிட்டது. புதுச்சேரியில் கலைந்துபோன ஒரு குழுவின் சாமான்களை, பழைய பித்தளையை எடைக்கு எடுப்பதுபோல மொத்தமாக வாங்கிவந்துவிட்டார். நான்கு எலக்ட்ரிக் கிட்டார், அரை பீரோ உயரத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி. கிட்டாரை எந்தக் கையில் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கோடவுனில் குத்துவிளக்குக்கும் தவலைக்கும் நடுவில் நான்கையும் தொங்கவிட்டு, வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் காட்டுவார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது கல்லூரி முடித்து வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வருஷம். விடுதியில் அறைத்தோழனிடம் கிட்டாரில் மூன்றரை கார்டு பிடிக்கக் கற்றிருந்தேன். அந்த அரை எது என்று கேட்காதீர்கள், இன்னும் அது வரவில்லை. செஞ்சிப் பக்கம் அது போதுமானதாக இருந்தது. எங்கள் காலனியில் ஒருவன் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறான் என்றதும் என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, நிலைகொள்ளவில்லை. "எங்க குரூப்ல சாதியெல்லாம் கெடையாது" என்று தனபால் அண்ணன் ஒவ்வொரு மேடையிலும் மைக்கில் அறிவிப்பார். அறிவிக்கும்போது கையை என் பக்கம் நீட்டுவார்.

கிட்டார் பராமரிப்பு என்றால் அவருக்குப் பாத்திரப் பராமரிப்புதான். கம்பி கறுத்துவிட்டது என்று ஒருநாள் நான்கு கிட்டாருக்கும் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். அன்றைக்குத் தங்கமாக மின்னியது. மூன்றாம் நாள் துருப்பிடித்து அறுந்தது. மரம் காய்கிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசினார். எலி வந்து ஒரு கிட்டாரின் கழுத்தைக் கடித்துவிட்டுப் போனது. கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தால் பழைய ஓசை திரும்பும் என்று நான் சொன்ன ஒரே ஒரு யோசனையை ஏற்றுக்கொண்டு, கடைக்கு டீ போடும் சட்டியிலேயே கொதிக்கவைத்தார். அந்த வாரம் முழுக்க டீயில் இரும்பு வாடை.

பாத்திரக்கடை என்றால் பேர் வெட்டுகிறவர் ஒருவர் இருப்பார் அல்லவா? சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக 'அன்பளிப்பு' என்று சொம்பில் எழுதுகிறவர். விற்ற சாமானில் வாங்கியவர் பேர் இருக்கும்போது, சொந்தச் சாமானில் தனபால் அண்ணன் பேர் இல்லாமல் இருக்கலாமா? முதல் கிட்டாரில் 'தன' வரைக்கும் வெட்டியபோது மரம் பிளந்துவிட்டது. மற்ற மூன்றும் அதனால் பிழைத்தன.

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு மூன்று பின் வைத்த பிளக் இருந்தது. நாங்கள் போன ஊர்களில் மைக்செட்காரர் நீட்டுகிற ஒயரில் இரண்டு ஓட்டைதான். "ரெண்டு ஓட்டைக்கு மூணு பின்னு இன்னாத்துக்கு?" என்று தனபால் அண்ணன் குறடால் மூன்றாவதை வெட்டிவிட்டார். அதுதான் எர்த் பின். அன்றிலிருந்து பெட்டிக்குள் கசிந்த கரண்ட் ஒயர் வழியாகக் கிட்டார் கம்பிக்கு வந்தது. வெறுங்காலோடு கம்பியைத் தொட்டால் அடிக்கும். முதல் அடி வாங்கியவரும் அவர்தான். வாங்கிவிட்டு, ஒரே மூச்சில் ஒரு கோலி சோடா குடித்தார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். ஒரு ஜோடி செருப்பில் முடிகிற வேலைக்கு மெக்கானிக் எதற்கு என்றார். மறுநாள் பெட்டியின் தகர முகப்பில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்து வெட்டியிருந்தார்: 'செருப்பு போட்டுத் தொடவும்'. கைப்பழக்கத்தில் இரண்டு பக்கமும் ஒரு பூ.

ஆக, ரப்பர் செருப்பு என் வாத்தியத்தில் ஒரு பாகமாகிவிட்டது. கம்பி அறுந்தால் ஐந்து கம்பியில் சமாளிக்கலாம். செருப்பு வார் அறுந்தால் கச்சேரி இல்லை.

அவலூர்பேட்டை ரோட்டில் போய் உள்ளே திரும்பினால் ஒரு ஊர். பேர் வேண்டாம், இப்போது எல்லோரும் அங்கே நல்லவர்களாகிவிட்டார்கள். ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற திருவிழா. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கச்சேரி. கோயிலுக்கு எதிர்ப்பக்கம் சிமெண்ட் மேடை, புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். மேடையைப் பார்வையிட ஊர்ப் பெரியவர் ஏறிவந்தார். எல்லோரையும் விசாரித்துவிட்டு என்னிடம் வந்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்றார். சொன்னேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, "அஞ்சலைக்கு அண்ணன் மவனா நீ?" என்றார். அஞ்சலை என் அத்தை, அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு அவர் நிலத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். ஆமாம் என்றதும் அவர் பார்வை என் முகத்திலிருந்து காலுக்கு இறங்கியது.

"செருப்ப கழட்டிடு" என்றார்.

பக்கத்தில் பாடகர் இரண்டங்குலக் குதிகால் வைத்த பூட்ஸில் நின்றிருந்தார். டிரம்ஸ்காரர் காலில் கேன்வாஸ். நான் பெட்டியின் முகப்பைக் காட்டினேன். பெரியவர் குனிந்து, கல்யாணச் சொம்பில் மொய் வைத்தவர் பேரைத் தேடுவதுபோல எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து, "இது மத்தவங்களுக்கு எழுதியிருக்குது" என்றார்.

நான் தனபால் அண்ணனைப் பார்த்தேன். சாதி கிடையாது என்று மைக்கில் சொல்கிற வாயால் அவர் என் காதருகில், எட்டுப் பாட்டுதானே, டென்ஷன் பண்ணாமல் கழட்டிவிட்டு வாசி என்றார்.

கழட்டினேன். ஈர சிமெண்டில் கால் வைத்துக் கம்பியைத் தொட்டதும் முழங்கையிலிருந்து பல்வரைக்கும் ஏறியது. முதல் பாட்டு முழுக்க ஒரு காலைத் தூக்கி, மறுகாலைத் தூக்கி வாசித்தேன். முன்வரிசை இளவட்டங்கள் அதை டான்ஸ் என்று நினைத்து விசில் அடித்தார்கள். அழுகை வந்தது எனக்கு, வலியால் மட்டும் அல்ல. பாட்டு முடிந்து திரும்பியபோதுதான் பார்த்தேன். பெரியவருக்குப் பொன்னாடை போர்த்துவதற்காக மேடையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, புது டர்க்கித் துண்டு விரித்துக் கிடந்தது. போய் உட்கார்ந்து இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டேன். கம்பியைத் தொட்டேன். அடிக்கவில்லை.

பெரியவர் படியேறி வந்து, இது என்ன என்றார்.

"காலு தரையில பட்டா கரண்ட் அடிக்குதுங்க. செருப்பு வாணாம்னு சொல்லிட்டீங்க. அதான் கால மேல வெச்சிக்கினேன்."

அத்தனையும் நிஜம், அதுதான் என் பலம். பொன்னாடையைக் கையில் ஏந்தியபடி ஒருவர் காத்திருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எறங்கு. செருப்ப போட்டுக்கினே நின்னு வாசி."

"பரவால்லைங்க. இதுவே சௌரியமா இருக்குது."

அன்றைக்கு ஏழு பாட்டு உட்கார்ந்தே வாசித்தேன். பொன்னாடையை அவர் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டார்.   மூன்றரை கார்டையும் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் வாசித்ததில்லை, பின்பும் இல்லை. எதிரே வேப்பமரத்துப் பக்கம் அந்த ஊர்க் காலனிப் பெண்களோடு அத்தை நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் பெரியவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஆள் கூப்பிட்டார்கள். தெருவில் எல்லோரையும் கூப்பிட்டார்கள், அத்தையைத் தவிர. அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் நாற்காலிக் கதையை ஐந்து டீக்கடையில் சொல்லி முடித்திருந்தேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"நீ ஒக்காந்துட்டு வந்துட்ட. நான் இன்னும் அங்கதானடா நிக்கிறேன்."

அந்த வருஷம் முழுக்க அவள் அனந்தபுரம் பக்கம் கரும்பு வெட்டப் போனாள். அதற்குப் பிறகு இந்தக் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

தனபால் அண்ணன் என்னைப் போகச் சொல்லவில்லை. அடுத்த கச்சேரிக்குக் கீபோர்டே போதும் என்று சொல்லியனுப்பினார், அவ்வளவுதான். பிறகு கீபோர்டுக்குப் பதில் லேப்டாப் போதும் என்றாகி, லேப்டாப்புக்குப் பதில் ஒரு பென்டிரைவ் போதும் என்றாகிவிட்டது. அவர் போய்ப் பல வருஷமாகிறது. மகன் கடையில் மிக்ஸி விற்கிறார். பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பழைய இரும்புக் கடையெல்லாம் ஏறி இறங்கினேன், அந்தத் தகர முகப்பு மட்டும் கிடைத்தால் போதும் என்று. கிடைக்கவில்லை. கிடைக்காத ஒன்றுக்குப் பதிலாகத்தான் இந்த ஐந்து கிட்டாரும் மூன்று ஆம்ப்ளிஃபயரும் என்று மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள். பெரியவரும் இல்லை. அவர் பேரன் பட்டா மாற்ற எங்கள் ஆபீஸுக்கு வருவான், சார் என்பான். நான் முதலில் அவனுக்கு நாற்காலி போடச் சொல்வேன். அத்தையும் இரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்டாள்.

எலக்ட்ரீஷியன் வேலையை முடித்துவிட்டு, அறைக்கு வந்து ஆம்ப்ளிஃபயரில் ஒரு கிட்டாரை மாட்டிப் போட்டு, அதன் கம்பியில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. கிட்டாரை எடுத்து என் கையில் கொடுத்தார். ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இனிமே செருப்ப கழட்டிட்டே வாசிக்கலாம் சார். ஒண்ணும் ஆவாது."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. தலையாட்டினேன். டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காலை வெளியே எடுத்து, கட்டைவிரலால் தரையைத் தொட்டேன். குளிர்ச்சியாக இருந்தது, வேறு ஒன்றுமில்லை. அந்தப் பெட்டி இல்லை, கரண்ட் இல்லை, கழட்டச் சொன்னவர் இல்லை, நான் உட்கார்ந்ததற்குத் தன் கூலியை இழந்தவளும் இல்லை. காலை மறுபடி செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, நின்றபடியே வாசித்தேன்.