தாலி வைத்த சம்படம்

ஏழு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. அம்மா மரம் அறுத்து முடிக்கும்வரை அவளுடைய வளையல்களையும் தாலிக்கொடியையும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டை ஒட்டியே அப்பாவின் பட்டறை. இரும்பு வார்ப்பவர்களுக்கு அச்சு எடுப்பதற்கான மாதிரி உருவை, பேட்டர்னை, மரத்தில் செய்து கொடுப்பார். நெஞ்சு நோய் அவரைக் கட்டிலில் தள்ளியபின், மோட்டாரில் சுழலும் ரம்ப மேஜைக்கு முன்னால் அம்மா நின்றாள். அப்பா ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொடுத்தார்.

"நெடுக்க அறுக்கையில பலகைக்கு நேர் பின்னால நிக்காத அம்மணி, திருப்பி அடிக்கும். குறுக்க அறுக்கையில ஓரத் தடுப்புல முட்டாமப் பாத்துக்க, சிக்கிக்கும். சின்னத் துண்டைக் கையில தள்ளாத, குச்சியில தள்ளு."

அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள். தாலியைக் கழற்ற மட்டும் மறுத்தாள். ரவிக்கைக்குள் செருகிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"குனிஞ்சா வெளிய வந்துரும். பிளேடுல சிக்குனா நீ இருக்க மாட்ட. கழட்டிப் புள்ளகிட்டக் குடு."

அழுதுகொண்டே கழற்றிக் கொடுத்தாள். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. மெஷின் நின்றதும் மரத்தூளைத் தட்டிவிட்டு என் முன்னால் வந்து குனிவாள். நான்தான் மாட்டிவிடுவேன்.

வெள்ளகோவிலிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒருநாள் அந்த வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ற தம்பி உசுரோட இருக்கையில இதென்ன கோலம்?"

"நாந்தானுங்க அக்கா கழட்டச் சொன்னேன்" என்றார் அப்பா, கட்டிலிலிருந்தே. "அவ நல்லா இருக்கோணும்."

அத்தை சாப்பிடாமலே அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அம்மா கழற்றாமல் ஒரு பலகையைக்கூடத் தொட்டதில்லை.

ஐப்பசியில் அப்பா போய்விட்டார். காரியத்தன்று பெண்கள் அம்மாவை நடுவில் உட்காரவைத்தார்கள். அத்தைதான் வளையல்களைக் கழற்றினாள். நான் சமையலறைக்கு ஓடிச் சம்படத்தை எடுத்துவந்து நீட்டினேன்.

"இதுல போடுங்க அத்தை. தாலியும் நாந்தான் வெச்சிருப்பேன்."

அத்தை தாலிக்கொடியையும் கழற்றினாள். எல்லாவற்றையும் அதிலேயே போட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். அம்மா தலை நிமிரவேயில்லை. ஏன் இப்படி எல்லோரும் அழுகிறார்கள் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

வழக்கம்போல வாசல்படிக்குப் போய்ச் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறை பூட்டிக் கிடந்தது. அம்மா வந்து மெஷினைப் போடுவாள், அறுத்து முடிப்பாள், தூளைத் தட்டிவிட்டு என் முன்னால் குனிவாள் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தேன்.