நானூறு இடத்தில் ஒரு பேர்

கனகவல்லி ஓடிப்போனாள் என்று குழாயடியில் இன்னொரு தடவை யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். என் மருமகள் அவள். பெட்டியைக் கட்டிக் கொடுத்தவளே நான்தான்.

தொண்ணூற்றாறில், எங்கள் தேஹு ரோட்டிலிருந்து ரயிலில் போய்வருகிற தூரத்திலிருக்கும் புனே யூனிவர்சிட்டியில் பி.எச்.டி.க்குச் சேர்ந்தாள். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் கடற்கரையிலிருந்து இந்தப் பக்கம் நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரன், பார்த்ததையெல்லாம் எழுதிவைத்திருக்கிறானாம். அதுதான் ஆராய்ச்சி. எனக்கு எழுத்து தெரியாது. அவள் பட்ட பாடு தெரியும். அவன் சொன்னது எதை எடுத்தாலும், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று காட்டியாக வேண்டும். முதல் கைடு, தாளுக்கு அடியில் போடு என்றார். போட்டாள். அவர் ரிட்டயராகிவிட்டார். அடுத்தவர், அடியில் வேண்டாம், வரிக்குள்ளேயே பேரும் வருஷமும் போடு என்றார். நானூறு இடம்.

அதிலும் ஒரு தப்பு. அவன் பேருக்குப் பின்னால் இருந்ததை ஊர்ப்பேர் என்று நினைத்து, நம் வழக்கப்படி இனிஷியலாகச் சுருக்கிவிட்டாள். அது குடும்பப் பேராம். அதுதான் முன்னால் வரவேண்டுமாம். இப்படிப் போட்டால் லைப்ரரியில் இவரை யார் கண்டுபிடிப்பார்கள் என்று கைடு திட்டி அனுப்பினார். மறுபடி நானூறு.

"யாரோ வெள்ளைக்காரன் பின்னாடியே சுத்துறாளாமே?" என்று பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் குழாயடியில் என்னிடமே கேட்டாள்.

"ஆமா, அவன் செத்து முன்னூறு வருஷமாச்சு. வேணும்னா நீயும் சுத்து" என்றேன்.

இரண்டாயிரத்து மூன்றில் மூன்றாவது கைடு வந்தார். எல்லாவற்றையும் திரும்ப அடிக்கே கொண்டுபோகச் சொன்னார். நாலு மாசத்தில் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அன்றைக்கு அவள் பிசைந்த சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அவன் நடந்தது ரெண்டு வருஷம். நான் அவன் பேரத் தூக்கிட்டு நடக்கறது ஏழு வருஷம்."

"விட்டுத் தொலையேன்" என்றான் என் மகன் மகாதேவன். "மிலிட்டரி டிப்போல நாள் பூரா நின்னுட்டு வந்தா, வீட்ல காகிதந்தான் கெடக்கு."

"சோறு நான் போடறேன். நீ சும்மா இரு" என்றேன் அவனிடம்.

அங்கேயே உட்கார்ந்து எழுதி முடிக்க, யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் நாலு மாசத்துக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் தாள்களையெல்லாம் என் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டினேன்.

"எங்க கெளம்பிட்ட, பெட்டியும் மூட்டையுமா?" என்றாள் குழாயடியில் நின்ற அந்தோணியம்மாள்.

ஏழு வருஷமாக எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தவள்தான் கனகவல்லி. அன்று வாய் திறக்கத் தெம்பில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தேஹு ரோடு ஸ்டேஷனுக்குப் போகிற ஷேர் ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.