மேஸ்திரி விழுங்கும் நேரம்

மேஸ்திரிக்குச் சாப்பாடு ஊட்ட வந்த முக்கால்வாசிப் பேர் அவரை எமனிடம் ஒப்படைக்கத்தான் பார்த்தார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, எல்லாம் அன்பாகத்தான். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கவாதம் வரும்வரை அவர் பஸ் பட்டறையில் சக்கரப் பிரிவைக் கட்டி மேய்த்தவர். ஒருமுறை சக்கரத்துக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்த ஒருவன், யாரோ அடித்த ஜோக்குக்குப் பதில் சொல்லப் போய், ஒன்றை முடுக்காமல் விட்டுவிட்டான். நடுரோட்டில் சக்கரம் கழன்று தனியாக ஓடியது. ஆள் சாகாதது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து பட்டறையில் ஒரே சட்டம்: சக்கரம் மாட்டுகிறவனிடம் யாரும் பேசக் கூடாது. எவனாவது வாயைத் திறந்தால் "சக்கரம்!" என்று மேஸ்திரி ஒரு அதட்டல் போடுவார். பட்டறையே கப்சிப்.

இப்போது அந்தக் குரல் போய்விட்டது. வலது கை விழுந்துவிட்டது. நாக்கு புரள மறுத்தது. தொண்டையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குடித்த தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கி, காய்ச்சலாகி, மறுபடி ஆஸ்பத்திரி. அங்கே விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண், அவருடைய கண்ணைப் பார்த்தே பேசினாள்.

"தண்ணி வேகமா ஓடிடும் சார், உங்க தொண்டை லேட்டா மூடுது. அதனால மாவு கலந்து கெட்டியாக்கித்தான் குடிக்கணும். நிமிர்ந்து உட்காருங்க, தாடையக் கீழ இறக்குங்க. சின்ன ஸ்பூன் போதும். ஒரு தடவ விழுங்கினதும் இன்னொரு தடவ விழுங்குங்க. அந்த நேரத்துல பேசவே பேசாதீங்க."

இன்னொரு முறை நுரையீரலுக்குள் போனால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்றார் டாக்டர். மேஸ்திரி சாவுக்குக்கூடப் பயந்ததில்லை, அந்தக் குழாய்க்குப் பயந்தார். டீயின் ருசி நாக்கில் படாத பிழைப்பும் ஒரு பிழைப்பா?

மனைவி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ள மறுத்தவன் அவளுடைய தம்பி. "அடம் பிடிக்கிறாருக்கா. மூக்கப் பிடிச்சு ஊத்து, தானா இறங்கும்" என்பான், அவர் எதிரிலேயே. மேஸ்திரிக்கு மூளை தெளிவாக இருந்தது. நாக்கு குழறினால் காதும் போய்விட்டது என்று எந்த மடையன் சொன்னான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து பெயிண்டரும் டயர்க்காரரும் பார்க்க வந்தார்கள். மைத்துனனும் இருந்தான். மனைவி அப்போதுதான் மசித்த காய்கறியை ஒரு ஸ்பூன் மேஸ்திரியின் வாயில் வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கீங்க மேஸ்திரி?" என்றார் பெயிண்டர் வாசலில் நுழைந்ததும்.

வந்தவருக்குப் பதில் சொல்லாமல் இருந்து பழக்கமில்லை. மேஸ்திரி வாயைத் திறந்தார், அவ்வளவுதான். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டியது.

"புரை ஏறிடுச்சு, தண்ணி குடுங்க!" என்று குதித்தான் மைத்துனன்.

பெயிண்டர் பையிலிருந்து பாட்டிலை உருவினார். பட்டறையில் எல்லோருக்கும் ஒரே பாட்டில்தான்; உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். அதே பாசத்தோடு மேஸ்திரியின் தாடையைப் பிடித்து மேலே தூக்கினார். "அண்ணாந்துக்குங்க மேஸ்திரி."

எந்தத் தாடையை இறக்கச் சொன்னார்களோ அதே தாடையை! மேஸ்திரி இடது கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பாட்டில் பறந்து சுவரெல்லாம் தண்ணீர்.

"பாத்தீங்களா? புத்தியே பேதலிச்சுப் போச்சு" என்றான் மைத்துனன்.

"யாருக்குடா பேதலிச்சுது?" மனைவி சீறினாள். "அவரு உயிரப் பிடிச்சு வெச்சிட்டிருக்காரு. நீங்க ஆளாளுக்கு வந்து அதைப் பிடுங்கறீங்க!"

மேஸ்திரி இருமி இருமித் தொண்டையைச் சரிசெய்தார். மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மூவரையும் முறைத்துப் பார்த்து, புரளாத நாக்கை மல்லுக்கட்டிப் புரட்டினார்.

"சக்... கரம்."

மைத்துனன் சிரித்தான். "பாவம், இன்னும் பட்டறை நெனப்பு."

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. டயர்க்காரர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். பெயிண்டரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் மைத்துனனின் தோளை அழுத்தி அப்படியே நாற்காலியில் உட்கார வைத்து, உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார்.

மனைவி அடுத்த ஸ்பூனை வைத்தாள். மேஸ்திரி தாடையை இறக்கினார். விழுங்கினார். மறுபடி விழுங்கினார். அறையில் ஒரு சத்தமில்லை. நடுவில் மைத்துனனின் போன் அலறியது. டயர்க்காரர் அதை அவன் பையிலிருந்தே பிடுங்கி அணைத்தார்.

மேஸ்திரி வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

அதன் பிறகுதான் பெயிண்டருக்குப் பேசத் துணிவு வந்தது. "மன்னிச்சிடுங்க மேஸ்திரி. அடுத்தத வைக்கலாமா?"

மேஸ்திரிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. இடது கையால் கிண்ணத்தைப் பெயிண்டர் பக்கம் தள்ளி, 'நீயே ஊட்டு' என்பதுபோல் ஸ்பூனைக் காட்டினார்.