மௌரீன் துடைத்த பதில்

ஜீவனஹள்ளி ஆம்ப்ரோஸுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் ஜூடித் கோலாரில் வாழ்க்கைப்பட்டாள். கடைக்குட்டி ஆஞ்சலா கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். நடுவிலவள் மௌரீன்தான் பீன்யா தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் பஸ் ஏறினாள். ஆம்ப்ரோஸ் வாதத்தில் படுத்த பிறகு வீடு நடந்தது அவள் வேலையில்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம். பவர் சப்ளை பெட்டிகள் தயாரிக்கிற கம்பெனியில் டெஸ்டிங் மேஜை அவளுடையது. கம்ப்யூட்டரில் கட்டளை அடித்தால், கேபிள் வழியாகப் போய் மீட்டர் அளந்து சொல்லும். ஏதாவது பிசகினால் மீட்டர் முகப்பில் ஒரு விளக்கு எரியும். கட்டளையைத் தப்பாக அடித்தாலும் அதே விளக்கு, மீட்டரே கெட்டாலும் அதே விளக்குதான். எது என்று கட்டளை போட்டுக் கேட்டால் சொல்லும். அதற்குள் மீட்டரை அணைத்தாலோ, அதிலுள்ள பதிவைத் துடைக்கிற கட்டளையை அடித்தாலோ பதில் போச்சு.

ஒரு சாயங்காலம் விளக்கு எரிந்தது. அன்று அவள் பாஸ் போட்ட நாற்பது பீஸும் அடுத்த மேஜையில் ஃபெயில்.

சூப்பர்வைசர் எத்திராஜ் வந்து நின்றார். "காலைல இஞ்சினியர் வந்து மீட்டரக் கேப்பாரு. அதுவரைக்கும் ஆஃப் பண்ணாதே, தொடாதே. தப்பு மீட்டர் மேலன்னா நீ பொழச்சே. உன் மேலன்னா நாளையோட சரி."

ஆறு வருஷமாக, உட்கார்ந்ததும் பழையதையெல்லாம் துடைக்கிற கட்டளையைத்தான் அவள் முதலில் அடிப்பாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி சிலுவை போடுறவ மாதிரிடி நீ" என்று பக்கத்து மேஜை பிரிஜெட் கிண்டல் செய்வாள்.

மறுநாள் காலை பையை வைத்தாள், உட்கார்ந்தாள். விரல்கள் அடித்துவிட்டன.

விளக்கு அணைந்தது. மௌரீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஞ்சினியர் சந்திரசேகரன் வந்து கட்டளை போட்டு மீட்டரைக் கேட்டார். மீட்டர் பூஜ்யம் என்றது. "ஒரு எரரும் இல்லையேம்மா."

"நேத்து லைட் எரிஞ்சுது சார், நானே பாத்தேன்" என்றாள் பிரிஜெட்.

"எரிஞ்சுது சரி. எதுக்கு எரிஞ்சுது?"

"நான்தான் இப்போ கிளியர் பண்ணிட்டேன் சார். பழக்கத்துல" என்றாள் மௌரீன்.

எத்திராஜ் சிரித்துவிட்டார். "திருடன் கால்தடத்தப் பெருக்கிட்டு, தெனமும் பெருக்கறதுதான்னு சொன்ன கதையா இருக்கு!"

சந்திரசேகரன் சிரிக்கவில்லை. எத்திராஜ் நீட்டிய ராஜினாமாக் காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பதினோரு மணி பஸ் காலியாக இருந்தது. வீட்டில் ஆம்ப்ரோஸ் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினார். "ஏம்மா சீக்கிரம்?"

"வேலை போச்சுப்பா."

அவர் ஏதோ கேட்டார். காதில் விழுந்தது, மனசுக்குள் போகவில்லை. அழுகை வரும் என்று வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். வரவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் விட்டார்கள். எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.