வெறுமையானதும் திருப்பி அனுப்பவும்

எங்கள் குடும்பத்தில் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள், வாடகைக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்கள், வீட்டை விட்டுவிட்டு வந்தவர்கள் என்றால் எல்லாருமே இருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டைத் தண்டவாளத்தில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தவர் என் மாமா ஒருவர்தான். கோச்சியின், அதாவது ரயிலின், கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுவாரே ஒரு கார்ட், அந்த உத்தியோகம் எனக்கு. வயது ஒன்பது. கையில் உம்மாவின் பழைய சிவப்புச் சீலைத் துண்டு, வாயில் விசில், மூளை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு விசில்.

எல்லாம் சாச்சியின் கலியாணத்துக்காக. சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. இருவருக்கும் மூத்தவர் மாமா. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியதில் மன்னார்த் தீவை விட்டு வள்ளத்தில் வந்தபோது சாச்சிக்கு நாலு வயது. ஊரில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று யார் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்: கோச்சி போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். அவ்வளவுதான். நானோ பாலாவிப் பக்கத்து முகாமில் பிறந்தவன். பிறந்த இடத்தை விட்டு ஓரடி அசையாமலே பள்ளிக்கூடத்தில் அகதி என்று பெயர் வாங்கிய திறமைசாலி.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் எல்லாரும் ஊர் பார்க்கப் போனார்கள். மாமாவும் போய் வந்தார். எங்கள் வீட்டு வளவில் காடு நிற்கிறது, காட்டைச் சுற்றி முள்ளுக்கம்பி நிற்கிறது என்றார். அத்தோடு ஊர்க் கதை முடிந்தது. இனி இங்கேதான் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். சாச்சியிடம் கேட்கவில்லை. நாலு வயதில் வந்தவருக்கு என்ன ஊர், என்ன எண்ணம்.

மதுரங்குளியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவருக்குச் சாச்சியைப் பேசினார்கள். மாப்பிள்ளை பரம்பரையாக அந்தப் பக்கத்தவர், தகப்பன் இல்லாத ஒரே பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மாப்பிள்ளையின் உம்மா இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, பிள்ளைக்குச் சொந்தத்தில் ஒரு வீடு. மற்றது, கலியாணம் முடிந்த கையோடு மகனை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. இரண்டாவதற்கு மாமா உடனே தலையாட்டினார். முதலாவதுதான் கஷ்டம். எங்களிடம் இருந்தது ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில். அது மழைக்கு ஒரு பக்கமும் காற்றுக்கு மறுபக்கமும் சாய்ந்து, எங்கள் எல்லாரையும் மாறி மாறி நனைத்துக்கொண்டிருந்தது.

உப்பளத்துக்கு அப்பால் மாமாவுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. பாதை இல்லாத காணி. லொறி இறங்கினால் சேறு லொறியையும் உப்புப் போட்டு வைத்துக்கொள்ளும். கல்லு, சீமெந்து எதுவும் போகாது. போவது ஒன்றே ஒன்று, உப்பு அள்ளிப் போகும் ட்ரொலி. பாத்திகளுக்கு நடுவே மண் அணையின் மேல் அதற்கென்று சின்னத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். நான் குறுக்கே படுத்தால் தலையும் காலும் இரண்டு பக்கமும் வெளியே நீட்டும் அளவு அகலம். படுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதற்கு விழுந்த அடியும் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சின்ன லைன் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், பெரிய கோச்சிப் பாதையின் கைவிட்ட கிளை ஒன்று பற்றைப் புதருக்குள் போய் முடியும். அதில் ஒரு பழைய கூட்ஸ் பெட்டி நின்றது. வளைந்த கூரை, இரண்டு பக்கமும் கதவு, கீழே உருள நாலு பெரிய சில்லு. மாமா வேலை செய்த பழைய இரும்புக் கடை முதலாளி அதை வெட்டி எடுக்க வந்தபோது, மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வெட்டாதீங்க முதலாளி, இது என்ட தங்கச்சிட வீடு” என்றாராம். முதலாளிக்கு மாமாவின் மூளையில் எப்போதும் சந்தேகம் உண்டு. அன்றைக்கு உறுதியாகிவிட்டது. பரிதாபப்பட்டுக் கொடுத்துவிட்டார்.

பெரிய லைன் பெட்டி சின்ன லைனில் ஓடாது. ஆனைக்கு ஒற்றையடிப் பாதை போட்ட கதை. மாமா மண்வெட்டியை எடுத்தார். பெரிய தண்டவாளம் முடியும் இடத்தில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே குழி வெட்டிச் சின்னத் தண்டவாளத்தை அதற்குள் இறக்கினார். குழியில் இரண்டு உப்பு ட்ரொலி. மேலே கூட்ஸ் பெட்டி. பெட்டியின் ஒவ்வொரு அச்சுக்கும் கீழே ஒரு ட்ரொலி வரும்படி நிறுத்தி, தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை அடுக்கி, அச்சைச் சங்கிலியால் ட்ரொலியோடு பிணைத்தார். பிறகு எல்லாரும் சேர்ந்து தள்ள, சின்ன லைன் குழியிலிருந்து மேலே ஏற ஏற, ட்ரொலிகள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டன. தகப்பனின் பாதத்தில் பிள்ளை ஏறி நின்று நடந்து பார்த்திருக்கிறோம். இங்கே பிள்ளையின் பாதத்தில் தகப்பன் ஏறி நின்றார். பெரிய சில்லு நாலும் காற்றில் தொங்கின. கூட்டத்தோடு போயின, வேலை ஒன்றும் செய்யவில்லை. என்னைப் போல.

“சங்கிலிய மட்டும் இறுக்கக் கூடாது மகன்” என்று மாமா எனக்கு விளக்கினார். “இளக்கமா இருந்தாத்தான் வளைவில கீழ இருக்கிற சின்னவன் திரும்புவான்.” கார்ட் என்ற முறையில் நான் அனுமதி கொடுத்தேன்.

இதற்கு முன்பே சாச்சி பெட்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். துருப்பிடித்த கறளோடு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட முடியாது, அதிலுள்ள எழுத்தெல்லாம் மறைய வேண்டும் என்பது உம்மாவின் கட்டளை. சாச்சி முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூரையோரம் வரை ஏறி அடித்தார். எல்லா எழுத்தும் எல்லா இலக்கமும் போயின. ஒரு பக்கத்தில் கதவுக்கு அருகே ஒரு வரி மட்டும் அப்படியே நின்றது. மூன்று மொழியிலும் எழுதியிருந்ததில் தமிழ் வரி அது: வெறுமையானதும் தலைமன்னாருக்குத் திருப்பி அனுப்பவும்.

“அத ஏன் விட்ட?” என்று உம்மா கேட்டார்.

“பெயின்ட் முடிஞ்சி” என்றார் சாச்சி.

முடியவில்லை. டின்னைப் பற்றைக்குள் கண்டெடுத்தவன் நான். அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை கிடந்தது. அல்லாஹ் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று அயல்வீட்டு ஆட்டின் இரண்டு கொம்புக்கும் அடித்தேன். ஆடு அழகாகத்தான் இருந்தது. ஆட்டுக்காரருக்கு ரசனை போதாது.

பெட்டி தள்ளும் செய்தி மதுரங்குளிக்கும் போயிருக்க வேண்டும். ஒரு காலையில் மாப்பிள்ளையே இரண்டு கூட்டாளிகளோடு வந்து நின்றார். தான் குடியேறும் வீட்டைத் தானே தள்ளிக்கொண்டு போன மாப்பிள்ளை வேறெங்கும் இருந்திருக்க மாட்டார். சாச்சி பின்னால் குடையும் தேத்தண்ணிக் கேத்தலுமாக வந்தார். நடுவில் நான் ஓடினேன். கோப்பை கொண்டுபோவதும் கதை கொண்டுவருவதும் கார்டின் வேலையில் சேர்ந்துகொண்டன.

மாப்பிள்ளை அந்த எழுத்துக்கு நேரே நின்று தேத்தண்ணி குடித்தார். வாசித்தார். சிரித்துக்கொண்டு, “சின்னவன், சாச்சிட்ட கேளு, அப்ப நானும் தலைமன்னாருக்கா?” என்றார்.

ஓடிப்போய்க் கேட்டேன். சாச்சி கேத்தலைப் பார்த்துக்கொண்டே, “வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு நான் சொல்லத் தேவையில்ல எண்டு சொல்லு” என்றார்.

வழியில் அதைக் கொஞ்சம் சுருக்கினேன். “உங்களுக்கு வாசிக்கத் தெரியாதாம்.”

அவர் தேத்தண்ணி சிந்தச் சிரித்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சரியாக அந்த வரிக்குக் கீழே தோளைக் கொடுத்தார். “வாசிச்சிட்டுத்தான் தள்றன் எண்டு சொல்லு.”

அதைச் சுருக்காமலே கொண்டுபோய்ச் சொன்னேன். சாச்சி எனக்கு ஊற்றிய தேத்தண்ணியில் அன்றைக்குச் சீனி இரண்டு மடங்கு. என் சேவைக்குக் கிடைத்த சம்பளம் என்று எடுத்துக்கொண்டேன்.

சின்ன லைன் ஓரிடத்தில் பாத்தியைச் சுற்றி வளையும். அதைத் தாண்டினால் காணி கண்ணுக்குத் தெரியும். அந்த வளைவுக்குக் கிட்டே வரும்போதுதான் மாப்பிள்ளையின் உம்மா தெரு முனையில் ஆட்டோவிலிருந்து இறங்கி, குடை பிடித்துக்கொண்டு அணை மேல் நடந்து வந்தார். வீடு பார்க்க வருகிறாராம். மாமா ஓடிப்போய்ச் சங்கிலிகளைப் பார்த்தார். சம்பந்தி வரும்போது வீடு ஆடிக்கொண்டு நிற்கலாமா. இரும்புக் கம்பியைச் சங்கிலிக்குள் விட்டு முறுக்கினார். இரண்டு ட்ரொலியிலும் முறுக்கி முறுக்கி, அசையாமல் இறுக்கினார்.

மாப்பிள்ளை சங்கிலியைப் பார்த்தார். சைக்கிள் சங்கிலியோடு வாழ்கிற மனிதர், அவருக்குத் தெரியாதா. வாயைத் திறந்தார்.

“நீ என்ன மகன், சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு இங்க?” என்றார் அவருடைய உம்மா.

அவர் வாயை மூடினார். சாரத்தின் மடிப்பை அவிழ்த்து விட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

நான் விசில் ஊதினேன். பெட்டி வளைவுக்குள் போனது. முன் ட்ரொலிக்குத் திரும்ப இடமில்லை. ஒரு முனகல், கட்டை ஒன்று தெறித்தது, பிறகு எங்கள் வீடு, தொழுகையில் உட்காரும் கிழவரைப் போல மெதுவாக, மரியாதையாக, ஒரு பக்கம் சாய்ந்து பாத்திச் சேற்றில் உட்கார்ந்தது. ஒருவருக்கும் காயமில்லை. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு தண்டவாளத்தில் குந்திவிட்டார்.

மாப்பிள்ளையின் உம்மா கெட்டவர் இல்லை. “பரவாயில்ல தம்பி, தூக்கி வைக்கலாம்” என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் பெட்டி சாய்ந்த சாய்வில் அந்த எழுத்து நேரே அவர் முகத்துக்கு எதிரே இறங்கி வந்திருந்தது. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“அது பழைய எழுத்து மாமி” என்று உம்மா அவசரமாகச் சொன்னார். “அடிக்கத்தான் இருந்த, பெயின்ட் முடிஞ்சி போச்சி.”

அந்த ஆடு அந்த நேரம் பார்த்து அணை மேல் வந்தது. இரண்டு பச்சைக் கொம்போடும். மாப்பிள்ளையின் உம்மா ஆட்டைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார்.

“ஆட்டுக்கு இருந்த பெயின்ட் இதுக்கு இல்லாமப் போச்சா?”

அவர் சாச்சியின் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை. “ஊருக்குப் போற எண்ணம் இரிக்கா மகள்?”

சாச்சி இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். நேராக, முக்காட்டைச் சரிசெய்யாமல், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கப் பார்த்தார். மாப்பிள்ளை தன் காலில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வெறுமையானா தலைமன்னாருக்குப் போகும்” என்றார் அவருடைய உம்மா. “என்ட மகன் இதில ஏறினா, என்ட வீடுதான் வெறுமை.” குடையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மகன் பின்னால் போனார். அணை முடியும் இடத்தில் ஒரு தடவை நின்றார். திரும்புவார் என்று நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். செருப்பிலிருந்த சேற்றை உதறிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதைக்கு ஆடு குழப்பிய கலியாணம் என்று பெயர். விருந்துகளில் என்னைச் சொல்லச் சொல்வார்கள். நானும் ஆட்டைப் போல நடந்து காட்டி, சிரிக்க வைத்து, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். சாச்சி பிறகு பாலாவியில் கல் வீட்டோடு வேறொருவரைக் கலியாணம் செய்தார். தலைமன்னாருக்குக் கோச்சி மறுபடி ஓடத் தொடங்கியபோது, போய் வருவோமா என்று கேட்டேன். “அங்க எனக்கு ஆரு இருக்கா” என்று சொல்லிவிட்டு அலுமாரிக் கோப்பைகளைத் துடைக்கப் போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு ஆட்டின் மேல் இருந்த சந்தேகம் நீங்கியது. அந்த ஒரு வரியை விட்டு வைத்தது மறதியில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேள்வி கேட்கலாம், பெண் கேட்க முடியாது. சாச்சி தன் கேள்வியைப் பெட்டியிலே விட்டு வைத்தார். தோளைக் கொடுத்து ஓம் என்று சொன்ன மனிதருக்கு, உம்மாவுக்கு முன்னால் அதே பதிலைத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

பெட்டி சாய்ந்த அந்தப் பின்னேரம் எல்லாரும் முகாமுக்குப் போன பிறகு, சாச்சி என்னிடம், “டின் எங்க?” என்றார். அடிதான் என்று நினைத்துக்கொண்டு கொண்டுவந்தேன். அடிக்கவில்லை. சாய்ந்து கிடந்த பெட்டியின் முன்னால் குந்தி, மிச்சப் பெயின்டைக் கிண்டி, அந்த வரியை மறைக்கத் தொடங்கினார். ஓர் எழுத்துக் கூடத் தெரியாமல், மேலும் கீழும், திரும்பத் திரும்ப அடித்தார்.

“சோதனை எழுதி முடிஞ்ச பிறகு பாடமாக்குறீங்க சாச்சி” என்றேன். என் பகிடிக்கு அவர் சிரிக்கவில்லை. வேலையை முடித்துவிட்டு, பச்சைக் கையையும் பிரஷையும் என் சிவப்புத் துண்டில் துடைத்தார். அந்தப் பயணம் முழுக்க என்னிடம் இருந்தது நிறுத்தும் கொடி ஒன்றுதான். புறப்படச் சொல்லும் பச்சைக் கொடி இப்போதுதான் கிடைத்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். அணையின் முனைக்கு ஓடிப்போய், அதை உயர்த்தி ஆட்டி, கன்னம் வலிக்க விசில் ஊதினேன். பச்சை காட்டியும் வண்டி ஏன் அசையவில்லை, பார்த்துக்கொண்டிருந்த சாச்சி ஏன் “காணும் மகன், ஊதினது காணும்” என்று அத்தனை மெதுவாகச் சொன்னார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.