ஆறு மணிச் செய்தியில் எங்கள் வீட்டு நான்கு பேர்

சிட்னியில் மாலை ஆறு மணி என்பது சண்டை நேரம். இரண்டு பெரிய தனியார் சனல்களும் ஒரே நிமிடத்தில் செய்தியைத் தொடங்கும். இரண்டிலும் அதே வீதி விபத்து, அதே காட்டுத்தீ, அதே ஹெலிகொப்டர் படம். விளம்பர இடைவேளையில் இரண்டுமே தாங்கள்தான் முதலிடம் என்று அடித்துச் சொல்லும். இது எப்படிச் சாத்தியம் என்று வந்த புதிதில் நான் யோசித்ததுண்டு. பிறகுதான் விளங்கியது, ஒன்று சிட்னியில் முதலிடம், மற்றது மெல்பேர்னில் முதலிடம். ஒன்று கிழமை நாட்களில், மற்றது சனி ஞாயிறில். எங்கள் பழைய மாணவர் சங்கத் தேர்தலும் இப்படித்தான். முடிவு வந்த பிறகு தோற்றவர் என்று ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது.

சிட்னிப் புறநகரான கிரவீனில் எங்கள் வீட்டில் இந்தச் சண்டையில் பக்கம் எடுத்தவர் என் மச்சாள். என் கணவரின் அக்கா. மன்னாரிலிருந்து வந்து எங்களோடு இருப்பவர். பல வருடம் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை செய்தார். புது இயந்திரம் வந்ததும் வயதானவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவருடைய நாள் முழுவதும் ஆறு மணியை நோக்கியே நகர்ந்தது. ஆறு மணிக்குச் சொல்லவேண்டிய திரிகாலச் செபத்தைக்கூடப் பத்து நிமிடம் முன்னுக்குத் தள்ளிவிட்டார். மாதா கோபிக்கமாட்டா என்பது அவருடைய கட்சி.

செய்தி அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. அதை வாசிக்கும் அம்மாதான் முக்கியம். நரையை மறைத்து வெட்டிய பொன்நிற முடி, நிதானமான குரல், மச்சாளுடைய வயது. எங்கள் ஊரில் யுத்தம் உச்சத்தில் இருந்த நாட்களில் இந்தத் தனியார் சனல்கள் அதற்கு அரை நிமிடம் கொடுத்தால் பெரிய விஷயம். கொடுத்தாலும் 'வட இலங்கை' என்று சொல்லிவிட்டுக் கால்பந்துக்குப் போய்விடுவார்கள். அந்த அம்மா மட்டும் ஒருநாள் மன்னார் என்று பெயர் சொல்லி வாசித்தார். வாசித்து முடித்ததும் ஒரு கணம் கண்ணைத் தாழ்த்தினார். அடுத்த தாளைப் பார்த்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை மச்சாளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

இப்படியிருக்க, எந்த வீட்டில் எந்தச் சனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனம் ஒன்று எங்கள் வீட்டைத் தெரிவு செய்தது. ரீவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, தனியாக ஒரு ரிமோட்டும் தந்தார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பட்டன். ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழும்பிப் போனால் திரும்ப அமுக்க வேண்டும். விருந்தாளிகள் வந்தால் அவர்களுடைய வயதையும் சேர்க்க வேண்டும். எங்கள் அன்ரிமாரிடம் வயது கேட்டுவிட்டு இந்த ஊரில் குடியிருக்க முடியுமா? எல்லோருக்கும் நாற்பத்தைந்து என்று போட்டோம். எங்கள் வீட்டில் பெட்டி இருப்பதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. மாதா கோயிலுக்குப் போகும் குடும்பத்தில் ஒரு இரகசியத்தைக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த சில மாதங்களில் அந்த அம்மாவின் சனல் பின்னுக்குப் போகத் தொடங்கியது. எதிர்ச் சனல் முந்திவிட்டது என்றும், இந்தப் பக்கம் இளமுகம் ஒன்றைத் தேடுகிறார்கள் என்றும் பேச்சு வந்தது. மச்சாள் என் மகளைப் பிடித்து உட்காரவைத்து, ஃபோனில் அந்தச் செய்திகளை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். "மாமி, இட்ஸ் ஜஸ்ட் டிவி" என்று மகள் சொல்வாள். மச்சாள் அதைக் காதில் வாங்குவதே இல்லை.

ஒருநாள் பெட்டியைச் சரிபார்க்க நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வியட்நாமியக் குடும்பத்துப் பிள்ளை, மிக நல்ல மாதிரி. போகும்போது எங்களைப் பாராட்டினாள். கிழமை நாட்களில் ஆறு மணிக்கு நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து செய்தி பார்க்கும் வீடு இந்தக் காலத்தில் அபூர்வமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மணிக்கு நான் பரமட்டாவில் ரயிலுக்காக நிற்பேன். இவர், என் கணவர், சாமான் களஞ்சியத்தில் பின்னேர வேலையில் இருப்பார். மகள் எங்கே இருப்பாள் என்று மகளுக்கே தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். மச்சாள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மச்சாள், கள்ள வோட்டே போட்டனீங்கள்?"

"ஊரில சாவடிக்கு நான் போய்ச் சேர முந்தியே என்ர வோட்டை ஆரோ போட்டிட்டாங்கள். நான் ஆரின்ர வோட்டையும் பறிக்கேல்லையே பிள்ளை. நீங்கள் போடாமல் விட்டதைத்தான் போட்டனான்."

சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. ஆனால் மறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை நிறுத்தி, எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. நாய்க்கும் பட்டன் கேட்ட வீடுகள் இருக்கின்றனவாம். இனிமேல் அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் அமுக்கினால் போதும் என்றாள்.

மச்சாள் என் கையைத் தொட்டார். "நான் ஒராள் மட்டும் பார்த்தாலும் அந்த மனுசிக்கு அது உதவிதானே எண்டு கேள்."

அந்தப் பெண் தயங்கினாள். மொத்தக் கணக்கில் சேரும் என்றாள். பிறகு, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, மீதியையும் சொன்னாள். விளம்பரம் கொடுப்பவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இருபத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்து நான்கு வரையானவர்களைத்தான். ஒரு செய்தி வாசிப்பவரை வைத்திருப்பதா மாற்றுவதா என்று யோசிக்கும்போது அந்தக் கணக்குத்தான் பேசும். இதை எப்படி மென்மையாகச் சொல்வது என்று நான் தமிழில் சொல் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் மச்சாளுக்கு ஐம்பத்து நான்கு என்ற எண் விளங்கிவிட்டது.

"அப்ப நான் பார்க்கிறது கணக்கில இல்லை" என்றார். குரல் உயரவே இல்லை.

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைமேல் போட முடியாது. நான், இவர், மகள், மூன்று பேரும் வீட்டிலேயே இல்லை. எங்கள் பெயரில் விழுந்த கள்ள வோட்டுகளுக்குப் பெறுமதி இருந்தது. ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்ட ஒரே ஆளின் உண்மையான வோட்டுக்கு இல்லை. அன்றிரவு முழுவதும் எனக்கு அதே யோசனை. அந்த வயதுக்கு எனக்கும் அதிக தூரமில்லை.

மச்சாள் அதற்குப் பிறகு எங்கள் பட்டன்களைத் தொடவில்லை. தன்னுடையதை மட்டும் அமுக்கிவிட்டுப் பார்த்தார். சில மாதங்களில் அறிவித்துவிட்டார்கள், அந்த அம்மா விடைபெறுகிறாராம்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நான் அரை நாள் லீவு போட்டேன். இவர் வேலையில் ஆள் மாற்றிக்கொண்டு வந்தார். மகள் யாரும் கூப்பிடாமலே வந்து மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பட்டனைத் தானே அமுக்கினாள். அன்று எங்கள் வீட்டில் நான்கு வோட்டும் நல்ல வோட்டு. செய்தி முடிந்ததும் பூச்செண்டு கொடுத்தார்கள், பழைய படங்கள் காட்டினார்கள். இனிக் குடும்பத்தோடு நேரம் செலவிடப் போவதாக அந்த அம்மா சிரித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கும் பாண் பக்ரறியில அதைத்தான் சொன்னவங்கள்" என்றார் மச்சாள்.

இவர் அக்காவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். மச்சாள் எழும்பிக் குசினிக்குள் போய் எங்களுக்குத் தேத்தண்ணி போட்டார்.

திங்கட்கிழமை புதுமுகம் வந்தது. மச்சாள் ரீவியைப் போடவே இல்லை. ஆறு மணிக்குத் திரிகாலச் செபம் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் கத்தரிக்குத் தண்ணீர் விட்டார். எதிர்ச் சனலுக்குப் போவார் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. சில கிழமைகள் இப்படியே போயின.

வீட்டிலிருந்து நான் வேலை செய்யும் ஒரு நாளில் மச்சாளின் ஃபோன் அடித்தது. அவரோடு யாராவது ஆங்கிலத்தில் பேசினால் என்னிடம்தான் தருவார். அன்று கையை நீட்டினேன், தரவில்லை. பெட்டிக்காரப் பெண்தான். குரல் எனக்கும் கேட்டது. ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததாகப் பதிவாகவில்லை, மெஷின் பழுதாகிவிட்டதா என்று கேட்டாள்.

மச்சாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல், செய்தி வாசிப்பது போன்ற ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மெஷின் நன்றாக இருக்கிறது. நான்தான் பார்ப்பதில்லை. எனக்கு வயது அறுபத்து மூன்று. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.